மழையில் அளக்காத மின்சாரம்

சந்தனம், குங்குமம் வைத்த இரண்டு சர்க்யூட் போர்டுகள் மேசை மேல் இருந்தன. நடுவே ஒரு முழம் கேபிள். அம்பத்தூர் எஸ்டேட்டில் இருந்த எங்கள் சிறிய சிப் கம்பெனியில், வாடிக்கையாளருக்கு எதைக் காட்டினாலும் முதலில் பொட்டு வைத்துத் தேங்காய் உடைப்பது வழக்கம். அன்று காட்டியது ஏரிக்கரைகளில் நிற்கப்போகும் பேட்டரிப் பெட்டிகளுக்கான சிப். நீர்மட்டத்தை ஒரு பெட்டி அடுத்த பெட்டிக்கு ரேடியோவில் சொல்லும்; தெருமுனையில் இருக்கும் கடைசிப் பெட்டி சைரன் ஊதும். வழியில் சிதைந்த செய்தியைத் திருத்தும் டிகோடரை வடிவமைத்தவர் அக்கா. கூடப் பிறந்தவர் அல்ல, பக்கத்து நாற்காலி சீனியர். ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். படபடவென்று பேசுவார், தன் டிபனில் பாதியைக் கேட்காமலே என் டப்பாவில் தள்ளுவார்.

அந்த டிகோடர் செய்தியைத் திரும்பத் திரும்பச் சரிபார்க்கும். பிழை தீர்ந்ததும் நின்றுவிடும். எவ்வளவு சீக்கிரம் நிற்கிறதோ அவ்வளவு பேட்டரி மிச்சம். அன்று செய்தி ரேடியோவில் போகவில்லை, மேசை மேல் இருந்த கேபிளில் போனது; ஒரு முழக் கேபிளில் பிழை எங்கிருந்து வரும்? முதல் சுற்றிலேயே நின்றது. மின்செலவைப் பார்த்து வாடிக்கையாளருக்கு வாயெல்லாம் பல். ஆனால் நனைந்த மரங்களைத் தாண்டி வரும் சிக்னல் மங்கிப்போகும். அப்போது டிகோடர் விடாமல் சுற்றிப் பேட்டரியைத் தின்றுவிடும். அக்கா அதையும் கணக்குப் போட்டு வைத்திருந்தார். பெரிய பேட்டரி வேண்டும் என்று இப்போதே சொல்லிவிடலாம் என்றார்.

"நல்ல காரியம் நடக்கும்போது ஏம்மா அபசகுனமா பேசுறே? அவங்க கேட்டா சொல்லிக்கலாம்" என்றார் மேலாளர். அவர்கள் கேட்கவில்லை. கேட்கத் தெரிந்தவர்கள் எங்களிடம் ஏன் வரப்போகிறார்கள்?

முதல் பெருமழையிலேயே பெட்டிகள் செத்தன; சைரன் ஊதவில்லை. விசாரணை என்று எல்லோரையும் உட்காரவைத்து, டிகோடர் யாருடையது என்று மேலாளர் ஒன்றும் தெரியாதவர் போலக் கேட்டார். அக்கா எழுந்து, "நான்தான் சார் பண்ணேன். மழையில தாங்காதுன்னும் நான்தான் சார் சொன்னேன்" என்றார். முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். நானும் வாயைத் திறந்தேன். உன் வேலையைப் பார் என்றார்கள். அக்காவை வீட்டுக்கு அனுப்பினார்கள். பெரிய பேட்டரி போட்டால் தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று, அதே அளவில் புது பேட்டரி போட்டார்கள். அந்த மேலாளர் இப்போது மேடைகளில் மின்சிக்கனம் பற்றிப் பேசுகிறார்.

அக்கா திருநின்றவூரில் வாடகை வீட்டில் டியூஷன் எடுக்கிறார். அவர் தெருமுனையிலும் ஒரு பெட்டி நிற்கிறது. போன வாரம் போயிருந்தேன். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. நானும் அவரும் அரிசி டிரம்மைத் தூக்கிக் கட்டில் மேல் வைத்துக்கொண்டிருந்தோம். இடுப்பில் கைக்குழந்தையோடு வந்த பக்கத்து வீட்டுப் பெண் வாசலில் நின்று சிரித்தார்.

"இன்னா டீச்சரே, இதுக்கே இப்டி பயந்துகினு கீற? அதான் பொட்டி கீதே, தண்ணி வந்தா ஊதும்ல?"

"ஊதாதும்மா. மழை விடாம பெஞ்சா அது செத்துரும். எத்தினி தபா சொல்றேன்? குழந்தைய எடுத்துக்குனு மாடிக்குப் போயிரு."

அந்தப் பெண் என் பக்கம் சாய்ந்து, "வேலைய உட்டு தூக்கிட்டாங்கோல்ல, அந்தக் காண்டுல பேசுது" என்று கிசுகிசுத்தார். பிறகு தன் வீட்டுக்குள் போய், தரையில் பாயை விரித்துக் குழந்தையைத் தூங்கப் போட்டார்.