டிக்கி திறக்கும், போன் திறக்காது

ரஞ்சன்காவ் போகும் சாலையில், காலை வெயிலில் போலீஸ் தடுப்பு. போதைப்பொருள் சோதனையாம். நான் வாடகைக்கு எடுத்த காரை ஓட்டும் கல்பனா, மராட்டி பேசும் ஊரான லோஹேகாவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண். தானே இறங்கி டிக்கியைத் திறக்கிறாள். ஸ்டெப்னியைக்கூடத் தூக்கிப் பார்க்கிறார்கள். ஒன்றுமில்லை.

"போன்" என்று என்னிடம் கை நீட்டுகிறார் அதிகாரி. வாட்ஸ்அப்பில் 'கஞ்சா' என்று தேடிப் பார்க்க வேண்டுமாம். அசடு மாதிரி நான் பூட்டைத் திறந்தே விடுகிறேன். கல்பனா என் கையைத் தடுக்கிறாள்.

"குடுக்காதீங்க அண்ணா. டிக்கி பாக்கட்டும், டீக் ஹை, பரவால்ல. போன் நம்மளோடது."

பிறகு அவரிடம், எனக்கே புரியும் எளிய மராட்டியில், குரல் உயர்த்தாமல் சொல்கிறாள்: "போன் எதுக்குன்னு எழுதிக் குடுங்க சாஹேப். ரெண்டு பேரைச் சாட்சிக்கு வெச்சு வாங்கிக்குங்க."

சாலையோர வடாபாவ் கடைக்காரர் எண்ணெய்க் கையைத் துடைத்தபடி வந்து நிற்கிறார். "நான் சாட்சி." அவர் கடையில் தின்றுகொண்டிருந்த லாரிக்காரரும் கையில் வடாபாவோடு எழுந்து வருகிறார்.

எழுதிக் கொடுக்க அதிகாரி தாளைத் தேடவில்லை. போகச் சொல்லிக் கையசைக்கிறார்.

கார் நகர்கிறது. திரும்பிப் பார்க்கிறேன். எங்களுக்குப் பின்னால் நின்ற காரின் ஓட்டுநர் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, டிக்கியை மட்டும் திறக்கிறார்.