பள்ளத்துக்குள் நின்ற கவுன்சிலர்

ஜெரோமின் வாழ்வைக் கெடுத்தவன் நான்தான். அவனுக்கே இது தெரியாது. உங்களிடம் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. பெங்களூரில் ஒரு தமிழ் நாளிதழ். மூன்றாம் பக்கத்து ஒற்றைக் கட்ட நகைச்சுவைப் படம் வெகுகாலம் என்னுடையதாக இருந்தது. ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து ஜெரோம் வந்து சேர்ந்தான். கட்டம் அவனிடம் போயிற்று. சிறுகதைகளுக்குப் படம் போடும் வேலை எனக்கு!

நான் காலையிலிருந்து வரைந்து, தாள் கிழியுமட்டும் அழித்து, மாலையில்தான் ஒரு சிரிப்பைப் பிடிப்பேன். அவனோ டீக்கடையில் யாரோ புலம்புவதைக் கேட்டுவிட்டு வருவான். நாலைந்து கோடுகள்... முடிந்தது! ஆசிரியர் வாய்விட்டுச் சிரித்து, பெங்களூர்க் கன்னடம் கலந்து பாராட்டுவார். "சக்கத்தா இருக்குப்பா!"

என்னிடம் அவர் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

அன்று ஊரில் எல்லோருக்கும் முகம் தெரிந்த ஒரு வார்டு கவுன்சிலரை வரைந்திருந்தான். சாலைப் பள்ளத்துக்குள் கழுத்தளவு நின்றுகொண்டு அவர் சொல்கிறார்: "இங்கேருந்து பாத்தா ரோடு மட்டமாத்தான் இருக்கு!"

"எப்டிண்ணா இருக்கு?" என்று முதலில் என்னிடம்தான் காட்டினான்.

"சுமார்" என்றேன். எனக்கு ஏன் இது தோன்றவில்லை?

அவன் வீட்டுக்குப் போனபின் தொலைபேசி ஒலித்தது. எடுத்தேன். அந்தக் கவுன்சிலர் மாரடைப்பில் இறந்துவிட்டாராம்.

செய்தி ஆசிரியரிடம் சொன்னேன். அவர் முதல் பக்கத்தில் அவசரமாக இடம் தேடினார். மூன்றாம் பக்கம் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. என் கண்ணெதிரே கிடந்தது. "சார், அந்தப் படம்..." என்று வாயெடுத்திருந்தால் போதும்.

மறந்துவிட்டேன் என்றா நினைக்கிறீர்கள்? இல்லை! அதைப் பார்த்துக்கொண்டேதான் பேனாவை மூடினேன்.

மறுநாள் அலுவலக வாசலில் கூட்டம். "செத்த மனுசனக் குழியில எறக்கிச் சிரிக்கிறீங்களாடா?" கல் பறந்தது.

ஜெரோம் தானாகவே அந்த வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கப் புறப்பட்டான். "கூட வாங்கண்ணா." போனேன்.

கவுன்சிலரின் மனைவி கேட்டார்: "தெரிஞ்சேதான் போட்டீங்களா?"

அவன் அழுதுவிட்டான். "இல்லம்மா... தெரிஞ்சிருந்தா யாராச்சும் போடுவாங்களா?"

நான் அவன் தோளில் கைவைத்துக்கொண்டு நின்றேன்... கைவைத்துக்கொண்டு!

அவனை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். அவன் அப்புறம் நகைச்சுவைப் படம் வரையவே இல்லை. கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறான். கட்டம் என்னிடம் திரும்பி வந்தது.

கிறிஸ்துமஸ்தோறும் என் வீட்டுக்குக் கேக் கொண்டுவருகிறான். "அன்னிக்கு நீங்க ஒருத்தர்தாண்ணா என்கூட வந்தீங்க" என்கிறான்.

இந்த வருடமும் இரு கைகளாலும் வாங்கிக்கொண்டேன்.