முப்பத்தெட்டாம் வீடு

வேலூர்க் காலேஜில் நான் இண்டர்மீடியட் படித்தபோது, எங்களுக்குப் பொருளாதாரம் நடத்திய புரொபசருக்குத் திடீரென்று ஒரு பித்துப் பிடித்தது. புத்தகத்தில் இருப்பதை ஒப்பித்தால் போதாதாம். அவரவர் ஊரில் ஐம்பது வீடு ஏறி இறங்கி, ஜனங்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று விசாரித்து எழுதி வரவேண்டுமாம். கோடை லீவுக்கு ஆளுக்கு ஐம்பது அச்சடித்த பாரம் கொடுத்தார். குடும்பத் தலைவர் என்ன தொழில், என்ன சாப்பாடு, பிள்ளைகள் எத்தனை, வீட்டில் என்னென்ன சாமான் என்று கேள்விகள். அடியில் 'குறிப்பு' என்று நாலு விரற்கடை இடம். பெயர் எழுதவேண்டாம், தெருவும் நம்பரும் போதும் என்றார். இருப்பதிலேயே நல்ல பாரத்தைக் காலேஜ் முழுக்கக் கூட்டி வைத்துப் படித்துக் காட்டப்போவதாகவும் சொன்னார்.

மற்றவர்களுக்கு அது வெட்டி வேலை. எனக்கோ அது பெரிய வம்பு.

என் ஊர் ஆம்பூர். என் நைனா, அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், தோல் மண்டியில் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்தார். பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, மயிர் கழலும் பதம் பார்த்து இழுத்துப் போடவேண்டும். பொழுது விடிந்து பொழுது போனால் அதிலேதான் கை. ஆஸ்டலில் சேர்ந்த முதல் நாள், திமிரிப் பக்கத்து நிலக்காரர் வீட்டுப் பையன் ஒருத்தன், "உங்கப்பா இன்னா பண்றாரு?" என்று கேட்டான். "தோல் வியாபாரம்" என்று சொல்லித் தொலைத்தேன். தொழிலைக் கேட்கிற சாக்கில் ஜாதியைக் கேட்கிற காலம் அது. அப்புறம் அந்தப் புளுகுக்குத் தினமும் தீனி போடவேண்டியதாகிவிட்டது. மெட்ராசுக்குச் சரக்குப் போகிறது என்றேன். வீட்டில் சாய்வு நாற்காலி இருக்கிறது என்றேன். ரயில் ஆம்பூரை நெருங்கும்போது பெட்டியில் எல்லாரும் மூக்கைப் பொத்துவார்கள். நானும் கைக்குட்டையை எடுத்துப் பொத்தியிருக்கிறேன். இப்போது நினைத்தாலும் என்னை நானே ரெண்டு அறை அறையலாம் போல இருக்கிறது.

ஊருக்குப் போய்க் கணக்கெடுக்க ஆரம்பித்தேன். ஐயோ, அந்தக் கூத்தை ஏன் கேட்கிறீர்கள்! தெரிந்தவன்தானே என்று யாரும் பதில் சொல்லவில்லை. பாரத்தைக் கண்டதும் எல்லாருக்கும் சர்க்கார் பயம் வந்துவிட்டது. பக்கத்துத் தெருவில் ஒரு பாய் வீட்டு அம்மா திரைக்குப் பின்னாலிருந்து, "கோழி எத்தினின்னு எதுக்குக் கேக்கறே பேட்டா? புடிச்சிக்கினு போயிடுவாங்களா?" என்றார். கோழியே இல்லை என்றும் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் திரைக்கு அடியிலிருந்து ரெண்டு கோழி வெளியே வந்தன.

பன்னிரண்டாவது பாரம் எங்கள் வீட்டுக்கு. இந்தப் பாரங்களை ஆஸ்டலில் எல்லாரும் பிரித்துப் பார்ப்பார்கள், தெருப் பெயரை வைத்துக் கண்டுபிடிப்பார்கள் என்று தெரியும். ஆகையால் துணிந்து எழுதினேன்: குடும்பத் தலைவர் தோல் வர்த்தகர். காலையில் இங்கிலீஷ் பேப்பர் படிக்கிறார். சாய்வு நாற்காலி ஒன்று, சுவர்க் கடிகாரம் ஒன்று. மகன் ஒருவன் காலேஜில் படிக்கிறான். அதில் உண்மை என்று பார்த்தால் அந்த மகன் மட்டும்தான்.

முப்பத்தொரு வீட்டோடு என் கால் ஓய்ந்துவிட்டது. ஆம்பூர் வெயில் தெரியுமல்லவா? மீதி பத்தொன்பதையும் ஸ்டேஷனுக்குப் பக்கத்துப் புளியமரத்தடியில் உட்கார்ந்து ஒரே மத்தியானத்தில் இட்டுக்கட்டினேன். கொஞ்ச நேரத்தில் கற்பனையும் வறண்டுபோயிற்று. முப்பத்தெட்டாவது பாரத்துக்கு வேறு ஒன்றும் தோன்றாமல், எங்கள் வீட்டையே வேறு தெருப் பெயர் போட்டு எழுதிவிட்டேன். சுண்ணாம்புக் குழி, காலையில் கேழ்வரகுக் கூழ், மழைக்கு ஒழுகுகிற மூலையில் வைக்கிற ஈயப் பாத்திரம் எல்லாம் வந்தன. 'குறிப்பு' என்ற இடத்தில், "இவர் கையில் சுண்ணாம்பு அரித்த புண்கள் உள்ளன. மிளகாய் பட்டால் எரிவதால் தம் கையால் சோறு பிசைய முடியாது. மனைவி பிசைந்து உருட்டித் தருகிறாள்" என்று எழுதினேன். எங்கே மோப்பம் பிடித்து என்னிடமே வந்துவிடுவார்களோ என்று, பிள்ளைகள் என்ற இடத்தில் மட்டும் 'இல்லை' என்று போட்டேன்.

காலேஜ் திறந்து பத்து நாளில் புரொபசர் என்னைக் கூப்பிட்டார். மூக்குப்பொடியை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, பன்னிரண்டாம் பாரத்தை விரலால் தட்டினார்.

"இந்த வீட்டுக்குள்ள நீ போனியா, வாசல்லயே நின்னு எழுதினியா?"

"உள்ளே போனேன் சார்."

"போனே, கண்ணை மூடிக்கிட்டுப் போனே. சாய்வு நாற்காலியாம், கடிகாரமாம், காலேஜ்ல படிக்கிற மகன் வேறயாம்! சுத்தப் புளுகு. எவனோ உன் காதுல பூ சுத்தியிருக்கான்." பிறகு முப்பத்தெட்டை எடுத்தார். அவர் முகமே மாறிப்போயிற்று. "இது பார், இதுதான் விசாரணை. இதைத்தான் கூட்டத்துல படிக்கப்போறேன். அதுக்கு முன்னால அந்த மனுஷரை நான் ஒரு தடவை பாக்கணும். ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் போறோம்."

முப்பத்தெட்டாம் வீடே கிடையாது என்று சொன்னால் ஐம்பது பாரமும் குப்பை, நானும் காலேஜ் முழுக்கச் சிரிப்பாய்ச் சிரித்துப்போவேன். உண்மையான வீட்டைக் காட்டினாலோ ஆஸ்டலில் என் சாய்வு நாற்காலி உடைந்துவிடும். சனிக்கிழமை வரைக்கும் ஜுரம் வராதா என்று வேண்டிக்கொண்டேன். பாழும் உடம்பு, ஒரு தும்மல்கூட வரவில்லை.

கடைசியில் ஒரு முட்டாள் யோசனை வந்தது. எங்கள் வீட்டுக்கே கூட்டிப்போய், யாரோ வீடு மாதிரிக் காட்டிவிடலாம். தெரு தப்பாக எழுதிவிட்டேன் என்று சமாளிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை, தெருமுனைச் சோடாக் கடையில் புரொபசரை நிறுத்தினேன். "ஆள் இருக்காங்களான்னு பாத்துட்டு வர்றேன் சார்" என்று வீட்டுக்கு ஓடினேன். மண்டிக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு, ஆகையால் நைனா வேலைக்குப் போயிருந்தார். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, எங்க காலேஜ் சார் வர்றாரு. நான் உன் பிள்ளைன்னு காட்டிக்காதே. யாரோ மாதிரி இரு. அப்புறம் எல்லாம் சொல்றேன்."

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "மூஞ்சி ஏன்டா இப்டி காஞ்சி கெடக்குது? இன்னா துன்னே காலையில?" என்றுதான் கேட்டாள்.

புரொபசர் வந்து, வீட்டுக்காரர் மண்டிக்குப் போயிருக்கிறார் என்று கேட்டுக்கொண்டு, குடையை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டுப் பாயில் உட்கார்ந்தார். "நீங்களும் உக்காருங்க தம்பி" என்றாள் அம்மா என்னிடம். பத்தொன்பது வருஷத்தில் அவள் என்னை 'நீங்க' என்று சொல்லி அன்றுதான் கேட்டேன்.

புரொபசர் பாரத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். காலையில் கூழா? ஆமாங்க சாமி. அந்த மூலை ஒழுகுமா? ஆமாங்க. வீட்டுக்காரர் கையால் சாப்பிடமாட்டாராமே?

"எப்டீங்க துன்னுவாரு? சுண்ணாம்பு கையெல்லாம் பொத்து வெச்சிருக்குது. காரம் பட்டா உசுரு போவுது. நான்தான் பெசைஞ்சு உருட்டித் தருவேன்."

புரொபசர் என்னைப் பார்த்து 'சபாஷ்' என்கிற மாதிரித் தலையாட்டினார். பிறகு, "பிள்ளைங்க?" என்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள். எனக்கு முன்னால் பிறந்த இரண்டும் அவளுக்குத் தங்கவில்லை. மூன்றாவதாக நான் தங்குவதற்கு அவள் வேண்டாத சாமி இல்லை, ஏறாத தர்கா இல்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இல்லீங்க சாமி" என்றாள்.

புரொபசர் பென்சிலால் ஒரு சரி போட்டார். அம்மா எழுந்து அடுப்பண்டை போனாள். உப்புச் சட்டியில் கையை விட்டு ஒரு பிடி உப்பை அள்ளினாள். புரொபசர் முதுகுக்குப் பின்னால் நின்று, என் முகத்துக்கு நேராக, தூரத்திலிருந்தே மூன்று சுற்றுச் சுற்றினாள். அவள் உதடு என்னவோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. தன் வாயால் சொன்ன சொல் எனக்குப் பலித்துவிடக் கூடாதே என்று பயந்துபோயிருக்கிறாள். உப்பை அடுப்பில் போட்டாள். அது படபடவென்று வெடித்தது.

"என்ன சத்தம்?" என்று புரொபசர் திரும்பினார்.

"சார், நான்தான் சார் அந்தப் பிள்ளை. இது எங்க அம்மா" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. பன்னிரண்டு, முப்பத்தெட்டு, புளியமரம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவருக்குக் கோபம் வந்தது. நன்றாகவே வந்தது. "அடப்பாவி! பத்தொன்பதும் புளுகா? நான் வேற காலேஜ் பூரா தண்டோரா போட்டுட்டேனே!" என்று கத்தினார். பன்னிரண்டாம் பாரத்தை நாலாகக் கிழித்தார். முப்பத்தெட்டை என் மடியில் எறிந்தார். "இந்த 'இல்லை'யை அடிச்சுட்டு ஒழுங்கா எழுது. கூட்டத்துல நீதான் படிக்கணும், யார் வீடுன்னு சொல்லிட்டுப் படிக்கணும். மீதி பதினெட்டுக்கும் நிஜ வீடா பாத்து, லீவு விட்டதும் போ." குடையை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கியவர், "நான் தெருவைச் சுத்திட்டு வர்றேன். மொதல்ல உங்கம்மாவைப் பாரு" என்றார்.

கூட்டத்தில் பிறகு நானேதான் படித்தேன். திமிரிக்காரன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அப்புறம் பேசினான். பதினெட்டு வீட்டுக்கும் போனேன், இல்லை என்று சொன்ன கோழிகளையும் சேர்த்து எண்ணினேன்.

அன்று புரொபசர் அந்தப் பக்கம் போனதும், இந்தப் பக்கம் நைனா மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார். முழங்கை வரைக்கும் வெள்ளை பூத்திருந்தது. "டேய்! எப்படா வந்தே?" என்று வாயெல்லாம் பல்லாகச் சிரித்தவர், அம்மா முகத்தைப் பார்த்ததும், "இன்னாத்துக்கு அழுவுறே?" என்றார். "ஒண்ணுமில்ல, பொகை" என்றாள்.

நான் அவர் பக்கத்திலேயே, தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அம்மா சோற்றையும் கருவாட்டுக் குழம்பையும் சட்டியிலேயே பிசைந்தாள். ஒரு உருண்டையை நைனா கையில் வைத்தாள். என் கையில் ஒரு புண்ணும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும், ஆனாலும் அடுத்த உருண்டையை என் கையில் வைத்தாள். வைத்த கையை எடுக்காமல் என் விரல்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"என் வாயால அப்டி சொல்ல வெச்சிட்டியேடா" என்றாள்.