பட்டுக் கரையில் ஏறிய கொலைகாரன்

சினிமாக் கொலைகாரன் ஒருவனுடைய முகத்தைப் பட்டுப் புடவையில் நெய்ததற்காக, முள்ளிப்பட்டு நெசவாளி ஒருவரின் தறி நிற்க இருந்தது. அது நிற்காமல் போனதில் எனக்கும் பங்கு உண்டு. இதில் எனக்கு வெட்கம் எதுவும் இல்லை. அதை முதல் பத்தியிலேயே பதிவு செய்துவிடுகிறேன். பின்னால் யாரும் விளக்கம் கேட்டு மெமோ தர வேண்டாம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் ஆரணியில் வருவாய் ஆய்வாளர். ஊரில் ஒரு வீடியோ கொட்டகையில் உரிமம் இல்லாமல் ரத்தப் படம் போடுகிறார்கள் என்று மொட்டைக் கடிதம் வந்தது. மொட்டைக் கடிதத்தின் மீது நடவடிக்கை வேண்டியதில்லை. ஆனால் மேலதிகாரி அதில் 'பேசவும்' என்று எழுதியிருந்தார். பேசினேன். 'போய்ப் பார்' என்றார்.

பகல் காட்சியின்போது போனேன். தீ வாளியில் மணலுக்குப் பதில் பீடித் துண்டுகள். என்னைப் பார்த்ததும் கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் பின்கதவு வழியாக ஓடினார்கள். அவசர வழி நன்றாக வேலை செய்கிறது என்று குறித்துக்கொண்டேன். ஒருவர் மட்டும் பெஞ்சை விட்டு எழவில்லை.

"நீ ஏன்யா ஓடல?" என்று கேட்டேன்.

"டிக்கெட் எட்த்துக்கினுதான சார் வந்தேன், இன்னாத்துக்கு ஓடணும்? தறிக்கு பாவு நூலு வர்ல, வீட்ல சும்மாதான் குந்திக்கினு இருந்தேன். தோ, இப்பதான் கோடாலிய எட்த்துக்கினு வர்றான். நீங்களும் செத்த குந்துங்க."

குந்தினேன். அறிக்கையில் 'படத்தின் தன்மை' என்று எழுதியாக வேண்டும். முழுதாகப் பார்க்காமல் எப்படி எழுதுவது?

பனி கொட்டும் ஏதோ ஒரு நாடு. ஒரு மரவெட்டியின் குடிசை வழியாகச் சாலை போடப் போகிறார்கள். அவன் அலுவலகத்தில் மனு கொடுக்கிறான். திருப்பி அனுப்புகிறார்கள். மறுபடி கொடுக்கிறான். மூன்றாவது மனுவின் மேல் குமாஸ்தா காப்பிக் கோப்பையை வைக்கிறான். அதன் பிறகுதான் மரவெட்டி தன் கையால் செதுக்கிய மர முகமூடியை மாட்டிக்கொண்டு கோடாலியை எடுக்கிறான். வட்டக் கண்கள், சீப்பு மாதிரிப் பல்வரிசை, நெற்றியின் நடுவில் ஒரு விரிசல். படம் முடியும்வரை அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டியதையெல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டானே!

அந்த முதல் பாகத்தில் அவன் கொலைகாரன் அல்ல, மனுதாரர். மறுநாள் அலுவலகத்தில் என் மேசையைப் பார்த்தேன். பட்டா மாற்றம் கேட்டு வந்த மனு ஒன்றில் டீ டம்ளரின் வட்டம் அச்சாகப் பதிந்திருந்தது. அன்றிலிருந்து எந்த மனுவின் மேலும் நான் டம்ளர் வைத்ததில்லை. அரசாங்கம் அனுப்பிய எந்தப் பயிற்சி வகுப்பாலும் என்னிடம் செய்ய முடியாத சீர்திருத்தம் இது.

உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்படி கொட்டகைக்கு நோட்டீஸ் கொடுத்தேன். படத்தின் தன்மை: 'மனுக்களை உரிய காலத்தில் பரிசீலிக்காததன் விளைவுகளை விளக்குவது.' மேலதிகாரி ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். நான் அதற்குப் பதில் எழுதவில்லை.

உரிமம் வந்த பிறகு, விடுமுறை நாள்களில் அதே பெஞ்சில் நானும் அந்த நெசவாளியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். கொலைகாரனுக்கு 'மரமூஞ்சி' என்று பெயர் வைத்தவர் அவர்தான். முதல் பாகத்தில் ஏரியில் மூழ்கிச் செத்தவன் இரண்டாம் பாகத்தில் எழுந்து வந்தான். மூன்றாம் பாகத்தில், விடுமுறைக்கு வந்து கூடாரம் போட்டிருந்த பிள்ளைகளை வெட்டினான்.

"இவனுக்கு இப்ப இன்னா சார் கோவம்?" என்றார் நெசவாளி. "ஆபீஸ்காரன் எல்லாரும்தான் மொதல்லயே பூட்டானே."

எனக்கும் அதே ஆட்சேபணைதான். முடித்த கோப்பு திரும்ப மேசைக்கு வருவதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் அதற்கும் ஒரு உத்தரவு வேண்டும். இவன் உத்தரவே இல்லாமல் வந்துகொண்டிருந்தான்.

பிறகு கேபிள் வந்தது. தமிழில் மொழிமாற்றம் செய்து போட்டார்கள். அங்கேதான் அவனுக்குப் பெரிய அநியாயம் நடந்தது. வாயே திறக்காதவனைப் பஞ்ச் வசனம் பேச வைத்தார்கள். சமையலறையில் இருந்து எட்டிப் பார்த்த என் மனைவி கேட்டாள்: "இன்னாங்க இவன், வெட்றதுக்கு முன்னாடி இம்மா நேரம் பேசறான்? உங்க ஆபீஸ்ல வேல செஞ்சவனா?"

அடுத்து வி.சி.டி. அதன் பிறகு, ஆடி மாதத்தில் கோயில் வாசல் கடைகளில் மரமூஞ்சி பிளாஸ்டிக்கில் தொங்கினான், பீப்பிக்கும் பலூனுக்கும் நடுவில். கைக்குழந்தைகள் அவன் மூக்கைக் கடித்துக்கொண்டு போயின. நான் ஓய்வு பெற்ற பிறகு பிரவுசிங் சென்டரில் அவன் விளையாட்டாகவும் வந்துவிட்டான் என்று கேள்விப்பட்டு, நேரில் போய் ஆய்வு செய்தேன். அதில் நாமே மரமூஞ்சி. கையில் கோடாலி, எதிரே ஒரு ஊர். அந்த ஊர் முழுக்கச் சுற்றி வந்தேன். வீடு இருந்தது, பாலம் இருந்தது, சுடுகாடு இருந்தது. அலுவலகம் மட்டும் இல்லை. மனு கொடுக்கவே இடமில்லாத ஊரில் வெட்டுவதைத் தவிர அவனும் என்னதான் செய்வான்?

ஓய்வூதியர்கள் கூடுகிற இடத்தில் என் ரசனையைப் பற்றிப் பேச்சு வந்தது. தலைமையாசிரியராக இருந்த ஒருவர் சொன்னார்: "ரிட்டையர்டு ஆனா கோயில் கொளம்னு போவாங்க. நீங்க இன்னா சார், வெட்டுக்குத்து பாத்துக்கினு?"

"கோயில்ல மட்டும் இன்னா சார்? தூண்ல நரசிம்மர் கொடல உருவிக்கினு நிக்கறாரு. தெனமும் கும்பிட்டுட்டுத்தான வர்றீங்க?"

"அதுல நியாயம் கீது சார்!"

"மொதல் பாகத்துல இவனுக்கும் இருந்துச்சி."

அவர் அதன் பிறகு என்னுடன் ஒரு மாதம் பேசவில்லை. அதற்கும் நான் வருத்தப்படவில்லை.

இப்போது புடவைக்கு வருகிறேன். என் பெஞ்சுக் கூட்டாளிக்குப் பாவும் ஊடையுமாக நூலும் ஜரிகையும் கொடுப்பவர் ஆரணியில் ஒரு முதலாளி. நெசவாளி வீட்டில் நெய்து கொண்டுவந்து கொடுப்பார். பாவு வராவிட்டால் தறி நிற்கும். நான் ஓய்வு பெற்ற பிறகு ஒரு வருஷம், கடைக்காரர்கள் புதுக் கரை கேட்கிறார்கள், யாரிடம் டிசைன் இருந்தாலும் கொண்டுவரலாம் என்று முதலாளி சொன்னார். நெசவாளி கட்டம்போட்ட தாளில் மரமூஞ்சியை வரைந்தார். அதைத் தறிக்கான துளை அட்டையாக அடித்து, அரக்குக் கரையில் ஜரிகையால் வரிசையாக நெய்துகொண்டு போனார். வட்டக் கண்கள், சீப்புப் பற்கள், நெற்றி விரிசல். எல்லாம் முதல் பாகத்தில் இருந்தபடி.

முதலாளி என்ன உருவம் என்று கேட்கவில்லை. எங்கள் ஊரில் கேட்கமாட்டார்கள். கரையில் எது வந்து உட்கார்ந்தாலும் அதற்குக் கோயிலில் ஒரு பெயர் தேடிக் கொடுத்துவிடுவார்கள். அன்னம், யாளி, ருத்ராட்சம், கோபுரம். முதலாளி புடவையை மடியில் விரித்துப் பார்த்தார்.

"ரிஷி முகம்! நெத்திக்கண்ணு தொறக்குது பாரு. கீழ தாடி. அடடா!"

நெசவாளி வாயைத் திறக்கவில்லை. "அவரே கும்பிடற மாரி பாத்துக்கினு கீறாரு சார். இன்னாத்துக்கு கெடுக்கணும்?" என்றார் பிறகு என்னிடம்.

ரிஷிமுகக் கரை நன்றாகப் போயிற்று. மற்ற தறிகளுக்கும் அதே அட்டை போனது. நிச்சயதார்த்தத்துக்கும் வளைகாப்புக்கும் பெண்கள் மரமூஞ்சியைக் கட்டிக்கொண்டு ஆசீர்வாதம் வாங்கினார்கள். பிறகு சென்னையில் இருந்து முதலாளியின் மருமகன் வந்தார். அடுக்கில் இருந்த புடவையைப் பார்த்து, தரையில் உட்கார்ந்து சிரித்தார். "மாமா, இது ரிஷி இல்ல. கொலகாரன்!"

மறுநாள் காலையில் நெசவாளி என் வீட்டு வாசலில் நின்றார். "பேஜாராப் பூட்ச்சி சார். இனிமே ஒனக்குப் பாவு கெடையாதுன்னுட்டாரு. நாலு பேரு விசேஷத்துல கொலகாரன கட்டி வுட்டுட்டியேன்னு கத்தறாரு. இவுரு நிறுத்திட்டாருன்னா வேற எந்த மொதலாளி சார் குடுப்பாரு? ஊட்ல இருக்கறது ஒரே தறி."

சட்டையை மாட்டிக்கொண்டு அவருடன் கிளம்பினேன்.

முதலாளி வெள்ளை மெத்தையில் புடவைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். நான் சண்டை போடவில்லை. முப்பது வருஷ சர்வீஸில் சத்தம் போட்டு நான் எதையும் சாதித்ததில்லை.

"நிறுத்தறது உங்க இஷ்டங்க," என்றேன். "காரணத்த மட்டும் ஒரு தாள்ல எழுதி, தேதி போட்டு, கையெழுத்து போட்டுக் குடுத்துடுங்க."

"நமக்குள்ள எழுத்து எதுக்கு சார்?"

"வேற எடத்துல வேல கேக்கப் போறாரு. ஏன் நிறுத்தனாங்கன்னு கேப்பாங்க. காட்டணும் இல்ல?"

அவர் பேனாவை எடுத்தார். 'ரிஷிமுகக் கரை' என்று எழுதினார். அதற்கு மேல் கை போகவில்லை. ரிஷி என்று எழுதினால் நெசவாளி மேல் குற்றம் இல்லை. கொலைகாரன் என்று எழுதினால் அந்தத் தாள் ஊர் சுற்றும். ரிஷி என்று சொல்லி விற்றது யார் என்ற கேள்வியும் கூடவே சுற்றும்.

"வேணும்னா நான் சொல்றேன், எழுதிக்குங்க," என்றேன். "'என்னால் ரிஷி எனப் பெயரிடப்பட்டு விற்கப்பட்ட முகமானது கொலைகாரனுடையது என என் மருமகன் கண்டறிந்தபடியால்...'"

அவர் பேனாவை மூடினார். "சார், சர்வீஸ்ல எத்தினி பேர இப்டி அலைய வுட்டீங்க?"

"நெறைய. அப்பல்லாம் நான் நீங்க குந்தி இருக்கற பக்கம் இருந்தேன்."

 அவர் நெசவாளியைப் பார்த்தார். "பாவ எட்த்துக்கினு ஜல்தி கெளம்பு. ஆனா அந்த மூஞ்சி இனிமே வாணாம்."

"மத்த தறிலெல்லாம் ஓடிக்கினுதான கீது மொதலாளி?"

"கடைக்காரங்க கேக்கறாங்க, அது ஓடட்டும்."

"அப்ப நானும் ஓட்றேன். அவன் என்னோட மூஞ்சி மொதலாளி."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் மெத்தையில் கிடந்த தாளைப் பார்த்தேன். அவர் அதைக் கசக்கி மெத்தைக்கு அடியில் வைத்துக்கொண்டார். நெசவாளி பாவு மூட்டையைச் சைக்கிளில் கட்டினார்.

அடுத்த முகூர்த்தத்தில் அந்த முதலாளி வீட்டிலேயே ஒரு கல்யாணம். என் மனைவி கடையில் எடுத்த அரக்குக் கரைப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். மரமூஞ்சி படம் ஒன்றைக்கூட உட்கார்ந்து பார்க்காதவள். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடக்கும்போது பார்த்ததுதான். முதலாளியின் மனைவி சந்தனம் கொடுக்க வந்தவர், கரையைத் தொட்டு, "ரிஷி முகம் உங்களுக்கு எடுப்பா கீதுங்க" என்றார்.

"ரிஷி இல்லைங்க," என்றாள் என் மனைவி, பந்தியில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி. "மரமூஞ்சி. மொதல் பாகத்துல நல்லவன்."