பேச்சு நீக்கிய பதிவுகள்

விடுதிகளின் படுக்கை விரிப்புகளை வெளுக்கும் சலவைக்கூடத்தில் இஸ்திரி எந்திரம் ஓட்டுகிறவன் அவன். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது. மற்றபடி எல்லோருக்கும் 'தாளம்'தான். கை சும்மா இருக்காது. மேசை, வாளி, கதவு, எதையும் தட்டிப் பார்ப்பான். சோற்றுக்குத் தாளம் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், சோற்றுத் தட்டிலேயே தாளம் போடுகிறவனை இப்போதுதான் பார்க்கிறேன் என்று மேற்பார்வையாளர் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்.

அவன் செய்வது ஹிப்-ஹாப் பீட். ராப் பாடுகிறவர்களின் வரிகளுக்கு அடியில் ஓடுகிற தாளம். மற்றவர்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் டிரம் ஒலிகளை எடுத்து ஒட்டினால், இவன் வேலையிடத்திலும் வீட்டிலும் சத்தம் பொறுக்கினான். ஈர விரிப்பை மேசையில் அறைந்தால் வரும் 'தொப்', அதுதான் அவனுடைய அடி டிரம். மற்றதெல்லாம் மனைவி கொடுத்தது. வீட்டிலிருந்தபடி தையல் வேலை செய்தவள் அவள். ஊசி ஓடும் சத்தம், கத்திரிக்கோலை மேசையில் வைக்கும் சத்தம், துணியைச் சர்ரென்று கிழிக்கும் சத்தம். எட்டு வருடத்தில் முந்நூற்றுச் சொச்சம் பீட் செய்தான். பாதிக்கு மேல் அவள் கைச்சத்தம். நாலைந்தை ஆட்கள் வாங்கிப் பாடியும் இருக்கிறார்கள். அதில் அவளுக்குத்தான் பெருமை அதிகம். ரவிக்கை அளவு கொடுக்க வருகிறவர்களை உட்காரவைத்து, அந்தப் பாட்டில் வருவது என் கத்திரிக்கோல் என்று கேட்கவைத்துத்தான் அனுப்புவாள்.

ஏழு மாதத்துக்கு முன் மூன்றே நாள் காய்ச்சலில் அவள் போய்விட்டாள். அதை நீட்டிச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தான். ஐந்து வயதுப் பிள்ளை, திரும்பாமலே கேட்டது.

"அப்பா, அம்மா எப்படிப் பேசுவாங்க? முகம் ஞாபகம் வருது. பேச்சு வர மாட்டேங்குது."

இவ்வளவுதானா, இரு, இப்போதே கேட்கலாம் என்று சீப்பைக் கீழே வைத்துவிட்டுக் கணினியைத் திறந்தான். எட்டு வருடப் பதிவு கையில் இருக்கிறது என்ற தைரியம்.

'ஊசி 14 சுத்தம்' என்ற கோப்பைத் திறந்தான். ஊசி மட்டும் ஓடியது. 'கத்திரி 9 சுத்தம்', கத்திரி மட்டும். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. பாடுகிறவனின் குரலுக்கு அடியில் இன்னொரு குரல் கிடக்கக் கூடாது என்பது அவன் தொழிலில் பாலபாடம். அதனால் எதைப் பதிந்தாலும் முதல் வேலையாகப் பேச்சை வெட்டி எறிவான். இடத்தை அடைக்கிறதென்று, வெட்டியதையே பழையதன் மேல் சேமித்துவிடுவான். 'சுத்தம்' என்றால் அவள் பேச்சு இல்லை என்று பொருள். அரிசியை வீசிவிட்டு உமியை மூட்டை கட்டி வைத்த கெட்டிக்காரன்.

அவள் அனுப்பிய குரல் செய்திகளையும் விட்டுவைக்கவில்லை. புதுச் சத்தங்களுக்கு இடம் வேண்டும் என்று போன வருடமே கைபேசியிலிருந்து அழித்திருந்தான். கல்யாண வீடியோவில் முதலிலிருந்து கடைசிவரை பாட்டைப் பூசி வைத்திருந்தார்கள். கொழுந்தியாளிடம் கேட்டால், நாங்கள் நேரில் பேசியே ஓயாதவர்கள், எதற்குப் பதிவு என்று கண்ணைத் துடைத்தாள்.

அதன்பிறகு வேலை முடிந்து வந்ததும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். பதினேழாவது நாள், பழைய பென்டிரைவ் ஒன்றில் 'ஊசி 1' கிடைத்தது. கல்யாணமான புதிதில் பதிந்தது, சுத்தம் செய்யாதது. நான்கு நிமிடம். கொழுந்தியாளை வரவழைத்தான். பிள்ளைக்குப் போடும் முன் நாம் கேட்டுவிடலாம் என்று இருவரும் கேட்டார்கள்.

தையல் எந்திரம் ஓடி நின்றது. பேச வாயெடுப்பவள் மூச்சை இழுப்பது கேட்டது. உடனே அவனுடைய குரல்: "ஷ்... பேசாத. ரெக்கார்டு ஓடுது."

பிறகு ஊசிதான். கடைசிவரை ஊசி.

 கொழுந்தியாள் மெதுவாகச் சொன்னாள்.

"எங்க அக்கா வாய மூடி நான் பார்த்ததே இல்ல மாமா. உங்களுக்காக மூடியிருக்கா."

குத்திக்காட்ட அவள் சொல்லவில்லை. ஆனாலும் அவன் தலையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதான்.

மறுநாள் மாலை ஒரு முடிவோடு மைக்கை எடுத்தான். போனது போயிற்று, இந்தப் பிள்ளையின் பேச்சையாவது வெட்டாமல் வைக்க வேண்டும். பள்ளியில் நடந்ததையெல்லாம் மூச்சுவிடாமல் கொட்டிக்கொண்டிருந்தது பிள்ளை. மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்ததும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டது.

"பேசும்மா. எதுவேணா பேசு."

மாட்டேன் என்று தலையாட்டியது. அவன் கெஞ்சினான். பிள்ளை அவன் காதருகில் வந்து, விரலிடுக்கில் கிசுகிசுத்தது.

"பேசக் கூடாதுப்பா. அம்மா சொல்லியிருக்காங்க."