பெஞ்சில் நீந்திய தவளை டீச்சர்

தவளை டீச்சர் என்றால்தான் அந்த நீச்சல் குளத்தில் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வாசல் காவலாளியே, அப்படி யாரும் இங்கே இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார். இருபத்திரண்டு வருடமாகக் குழந்தைகளையும், குழந்தைகளைவிட அதிகமாக அலறும் அவர்களுடைய அப்பாக்களையும் நீந்த வைத்தவள் அவள். தண்ணீரில் இறக்குவதற்கு முன் யாராக இருந்தாலும் கரையிலிருக்கும் மர பெஞ்சில் குப்புறப் படுக்கப் போட்டுவிடுவாள். நாலு வீச்சு, தலையை வலப்பக்கம் திருப்பி ஒரு மூச்சு. பெஞ்சில் வராதது தண்ணீரிலும் வராது என்பது அவள் கட்சி.

அப்பேர்ப்பட்டவளைக் குளத்தைவிட்டே துரத்தப் பார்த்தது, நிர்வாகம் அனுப்பிய ஒரு காகிதம். பயிற்சியாளர்கள் எல்லோரும் 'நீச்சலின் தோற்றம்' என்ற தலைப்பில் ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் பேசிக் காட்ட வேண்டுமாம். தேறாதவர்களுக்கு டிக்கெட் கொடுக்கும் கூண்டில் வேலை. குழந்தைக்குக் கால் உதைக்கச் சொல்லித்தர இதெல்லாம் எதற்கு என்று கேட்டால் காகிதமா பதில் சொல்லும்? தவளை டீச்சர் படித்தது ஒன்பதாவது வரை. ஆங்கிலம் என்றால் பேய்முழி முழிப்பாள். கூண்டுக்குள் உட்கார்ந்து கண்ணாடி வழியே குளத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதை நினைத்தபோது அவளுக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

வீட்டிலேயே ஓர் ஆங்கில டீச்சர் இருந்தாள், கணவனின் அக்கா. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பாடம் எடுக்கிற அந்த நாத்தனாருக்குத் தண்ணீர் என்றால் குலை நடுக்கம். ஷவரைத் திறந்துவிட்டு இரண்டடி தள்ளி நிற்கும் ரகம்.

"அண்ணி, எப்படியாவது என்னைக் கரையேத்திடுங்க."

"ஏத்திடலாம். ஆனா ராத்திரி சாப்பிட்டதும் புத்தகத்தத் தொறந்தா நீ குறட்டை விடுறே. அதான் பிரச்சினை."

அதனால் மதிய இடைவேளையில், ஆளில்லாத குளத்தில் பாடம் நடந்தது. தவளை டீச்சர் தண்ணீரில் நீந்தியபடியே வாக்கியங்களைச் சொல்வாள். நாத்தனார் கரையில், செருப்பைக்கூடக் கழற்றாமல், குடை பிடித்துக்கொண்டு திருத்துவாள்.

"பாலைவனத்துக் குகையில நீந்துற ஆளுங்கள வரைஞ்சு வெச்சிருக்காங்க. பல ஆயிரம் வருஷத்துக்கு முந்தி. இங்கிலீஷ்ல சொல்லு."

"பாலைவனத்துல எங்கண்ணி தண்ணி?"

"அப்ப இருந்திருக்கும். கேள்வி கேக்காம சொல்லு."

சொன்னாள். சொல்லச் சொல்லக் குதறினாள். ஒருநாள் வெறுத்துப்போய் படிக்கட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"வேணாம் அண்ணி. நான் பேசினா அந்த மொழிக்கே அவமானம்."

நாத்தனாருக்குக் கோபம் வந்துவிட்டது. "அந்த மொழி பெரிய யோக்கியமா? நாலு கூட்டம் படகேறிக் கடல் தாண்டி வந்து ஒரு தீவுல பேசின பேச்சு அது. அப்புறம் வந்தவன் போனவன்லாம் ஆளுக்கு நாலு வார்த்தையப் போட்டான். இவங்க அவனுதத் தப்பாப் பேசி, அவன் இவங்களுதத் தப்பாப் பேசி, அப்படியே வளந்துச்சு. நீயும் தப்பாப் பேசு. ஆனா பேசு."

அன்றைக்குத் தவளை டீச்சர் ரோஷத்தில் ஒரு பேரமும் பேசினாள். "நான் தேறிட்டா நீங்க தண்ணியில இறங்கணும்."

"தேறு பாக்கலாம்" என்றாள் நாத்தனார், ஆபத்தை உணராமல்.

தேர்வு நாள் வந்தது. மாடி அறை. மேஜை, மின்விசிறி, மணியை முன்னால் வைத்துக்கொண்டு கண்ணாடி போட்ட ஓர் அதிகாரி. சுவரோரம் ஒரு நீள பெஞ்ச். தவளை டீச்சர் புடவை கட்டி, தலைவாரி, நின்றாள். நின்றாள், அவ்வளவுதான். ஒரு வார்த்தை வரவில்லை. படித்ததெல்லாம் தண்ணீருக்குள் படித்தது. காய்ந்த தரையில் நாக்கு ஒட்டிக்கொண்டது. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவளுக்குக் கூண்டின் கண்ணாடி தெரிந்தது.

"ஒரு நிமிஷம் சார்" என்றவள், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நேராகப் போய் அந்த பெஞ்சில் குப்புறப் படுத்தாள். கையை வீசினாள், காலை உதைத்தாள். அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. நாலு வார்த்தை, வலப்பக்கம் திரும்பி ஒரு மூச்சு. மறுபடி நாலு வார்த்தை. குகை வந்தது, ஓவியம் வந்தது, ஆற்றைக் கடந்து இரை தேடிய ஆதி மனிதனும் வந்தான். பாடம் மூன்றே நிமிடத்தில் தீர்ந்தது. கையோ நிற்கவில்லை. வாயும் நிற்குமா? கடல் தாண்டி வந்த படகுகளைப் பிடித்துக்கொண்டாள். ஆங்கிலம் எங்கிருந்து வந்தது, யார் யார் வார்த்தை போட்டார்கள், எப்படித் தப்பும் தவறுமாகப் பேசியே வளர்ந்தது என்று தப்பும் தவறுமான ஆங்கிலத்திலேயே விளக்கினாள்.

அதிகாரி மணியடிக்க மறந்துபோனார். ஒன்பதாவது நிமிடத்தில்தான் நினைவு வந்தது. "போதும்மா, கரையேறுங்க" என்றார். சிரிப்பை அடக்கியதில் கண்ணாடிக்குள் கண்ணீர் நின்றது. "தலைப்ப விட்டு ரொம்ப தூரம் போயிட்டீங்க. ஆனா பேசுறீங்க. பாஸ்."

மறுநாள் மதியம் நாத்தனார் குளத்தின் படிக்கட்டில் நின்றாள். முதல்முறையாகச் செருப்பில்லை. குடையை மட்டும் விடவில்லை. பெஞ்சில் குப்புறப் படுத்து ஒரு மணி நேரம் கைவீசிய பிறகும் முகம் வெளிறித்தான் இருந்தது.

"வேணாம்மா. நான் இறங்கினா எனக்கே அவமானம். பச்சைப் பிள்ளைங்ககூட ஒழுங்கா நீந்துது."

தவளை டீச்சர் இடுப்பளவு தண்ணீரில் நின்று இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"தப்பா நீந்துங்க அண்ணி. ஆனா நீந்துங்க."

நாத்தனார் குடையை மடக்கிக் கரையில் வைத்தாள்.