எதிர்வீட்டு அக்கா கொடுத்த இரண்டு டம்ளர்

இந்த வீட்டைப் பார்க்க நாங்கள் வந்த அன்று, எதிர்வீட்டு அக்கா என் மனைவியின் கையில் இரண்டு எவர்சில்வர் டம்ளர்களைக் கொடுத்தார். இரண்டிலும் தண்ணீர். வீடு பார்க்க வருகிறவர்கள் எங்கள் பக்கத்தில் வழக்கமாகச் செய்வது ஒன்று உண்டு. புரோக்கரை நம்பாமல் எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, 'குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா' என்று கேட்பார்கள். தாகம் ஒன்றும் இருக்காது. அந்த மண்ணின் தண்ணீர் உப்பா, துரு நாற்றமா என்று நாக்கில் வைத்துப் பார்க்கத்தான் கேட்பது. எதிர்வீட்டுக்காரர்களுக்கும் இது தெரியும். அதனால் கேன் தண்ணீரை ஊற்றிக் கொடுத்து, 'நல்ல ஏரியாங்க, ஒரு பிரச்சனையும் இல்ல' என்று பல்லைக் காட்டுவார்கள். நாங்கள் பார்த்த எல்லாத் தெருவிலும் அப்படித்தான். இந்த அக்கா மட்டும் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போய் இரண்டு டம்ளரோடு வந்தார். "இது கேனு. இது போரு. இன்னாத்துக்கு சுத்திகினு? ரெண்டையும் குடிச்சிப் பாரு."

என் மனைவி போர்வெல் தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். அக்கா சிரித்தார். "உப்பு கீதா? கீது. தல குளிச்சா சிக்கு எடுக்க முடியாது. மழ வந்தா தெருவுல முட்டி வரைக்கும் நிக்கும். கரண்ட்டு போனா எப்ப வரும்னு அவனுக்கே தெரியாது. கொசுவு பத்தி நான் சொல்ல மாட்டேன், நீயே பாத்துக்குவே." புரோக்கர் தலையில் கை வைத்துக்கொண்டார். "யக்கா, என் பொழப்புல மண்ணப் போடறியே." "நீ அவங்க பொழப்புல தண்ணிய உடப் பாக்கறியே, அதுக்கு இன்னா சொல்றே?" என்றார் அக்கா. 

அப்போது நாங்கள் பட்டாபிராமில் வாடகைக்கு இருந்தோம். ஸ்டேஷனை நோக்கி நடக்கும்போது, இந்த இடம் வேண்டாம் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். என் மனைவி, "இந்த வீட்டையே எடுத்துக்கலாம்" என்றாள். உனக்குப் பைத்தியமா, அந்தம்மா ஒன்று விடாமல் கெட்டதையெல்லாம் சொன்னார்களே என்று கத்தினேன். "சொல்லிட்டாங்கல்ல, இனிமே நமக்குத் தெரியாம என்ன இருக்கு?" என்றாள். அதற்கு மேல் அவளோடு வாதாட முடியாது. அப்படித்தான் சேக்காட்டுக்கு வந்தோம்.

இது நல்ல இடமா என்று இன்றைக்கும் யாராவது கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். இப்போது செல்போனிலேயே ஏரியாவுக்கு ஸ்டார் போடுகிறார்கள். வேலப்பன்சாவடியில் இருக்கும் என் மகள் ஒருநாள் எங்கள் ஏரியாவுக்கு விழுந்திருந்த ஸ்டாரைக் காட்டி, "இதுக்குத்தான்பா சொல்றேன், எங்ககூட வந்துடுங்க" என்றாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஒருநாள் வீடு பார்த்துவிட்டுப் போனவன் போட்ட ஸ்டாராக இருக்கும். இங்கே இருந்தவர்களைக் கேட்டால்தானே தெரியும்? கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. நான் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் பிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவன். ஒரு மெஷின் ஓடுமா ஓடாதா என்று தூரத்தில் நின்று நான் சொன்னதே இல்லை. பக்கத்தில் போய்க் காதை வைத்துக் கேட்க வேண்டும். தெருவும் அப்படித்தான்.

அக்கா இந்த மண்ணிலேயே பிறந்தவர். மனை போட்டு விற்பதற்கு முன் இது வயலாக இருந்தபோது அவருடைய அப்பாவும் அம்மாவும் இதே நிலத்தில் கூலிக்கு நடவு நட்டார்கள். அவருடைய கணவர் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். குவார்ட்டர்ஸை விட்டு வந்து இங்கே மனை வாங்கி வீடு கட்டினார். மாடியில் ஒரு அறையும், வெளிப்பக்கமாக ஏறும் படியும் வைத்துக் கட்டச் சொன்னது அக்காதானாம். கொத்தனார் சிரித்திருக்கிறார். "வயலுல தண்ணி நிக்காம இன்னா தம்பி நிக்கும்?" என்று அக்கா என்னிடம் கேட்டார். அந்த வயலைப் பற்றி ஏக்கமாக ஒரு வார்த்தை அவர் பேசி நான் கேட்டதில்லை. "சேத்துல கால் அழுகிப்போச்சு எங்க அம்மாவுக்கு. போவட்டும் அந்த வயலு" என்பார்.

அக்காவிடம் ஒரு பழக்கம் இருந்தது. தெருவில் வெள்ளம் ஏறி வடிந்தவுடன், கேட்டுக்கு அடித்து மிச்சமான நீல பெயின்டை எடுத்துவந்து, தண்ணீர் நின்ற உயரத்தில் கேட் தூணில் ஒரு கோடு போடுவார். ஒவ்வொரு பெரிய மழைக்கும் ஒரு கோடு. வருஷம் போகப் போகக் கோடுகள் மேலே ஏறின. ஏறாமல் என்ன செய்யும்? பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோட்டைப் போட்டுக்கொண்டே போனார்கள். எங்கள் வீட்டு வாசல் படிகள் ஒவ்வொன்றாகத் தாருக்குள் போயின. ஏறி நுழைந்த வீட்டுக்குள் இப்போது இறங்கி நுழைகிறேன். ரோடு போட்டவன் யாரும் இதைப் பார்க்க வரவில்லை. வந்திருந்தால் காறித் துப்பியிருப்பேன்.

அந்தக் கோடுகள்தான் தெருவுக்குப் பிடிக்கவில்லை. வீட்டை விற்க நினைத்தவர்கள் அதைப் பார்த்துப் பயந்தார்கள். வீடு பார்க்க வந்தவர்கள் அக்காவிடம் தண்ணீர் கேட்டுவிட்டால் திரும்பி வரவே மாட்டார்கள். குடியிருப்போர் சங்கத்துக்காரர் ஒருநாள் ஆட்களோடு வந்து பேசினார். "கோட்ட அழிச்சிடுங்கம்மா. நம்ம எல்லார் வீட்டு வேல்யூவும் குறையுது." அக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "தண்ணி கொறையட்டும் நைனா, நானே அழிச்சிடறேன்." நான் என் வாசலில் நின்று சத்தமாகச் சிரித்தேன். அதிலிருந்து சங்கத்துக்காரர் என்னோடு பேசுவதில்லை. நல்லதாகப் போயிற்று.

ஒரு வருஷம் மழை விடாமல் பெய்து, காலையில் நாங்கள் காபி குடித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் குளியலறை ஓட்டை வழியாக உள்ளே பொங்கியது. என் மனைவிக்கு அப்போது இடுப்பில் ஆபரேஷன் ஆகியிருந்தது. நடக்க முடியாது. என் வீட்டுக்கு மாடி கிடையாது. மேலே போகப் படி வைக்காமல் ஆஸ்பெஸ்டாஸ் போட்டுக் கட்டிய வீடு. என்ன செய்வதென்று தெரியாமல் கட்டிலுக்குக் கீழே செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தேன். தெருவில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு அக்கா கத்தினார்: "யோவ் தம்பி! செங்கல்லு இன்னாத்துக்கு அடுக்கிகினு கீறே, ஊடு கட்டப் போறியா? அவள தூக்கியாடா வெளிய!" எனக்கு மூத்தவர் என்றாலும் அதற்கு முன்போ பின்போ அவர் என்னை 'டா' போட்டதில்லை. அவருடைய கணவரும் நானும் என் மனைவியை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு அந்தத் தண்ணீரைக் கடந்தோம். அக்கா குடை பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். "கல்யாணப் பொண்ண தூக்கிகினு போற மாறியே கீது" என்று அவர் சொன்னதும், வலியிலும் என் மனைவி சிரித்துவிட்டாள். அந்த மாடி அறையில் எங்களோடு பாதித் தெரு இருந்தது. கோட்டை அழிக்கச் சொன்ன சங்கத்துக்காரரும் குடும்பத்தோடு இருந்தார். அக்கா அவருக்கும் தட்டில் உப்புமா வைத்தார். கோட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

பிறகு தெரு காலியானது. பிள்ளைகள் வேலை கிடைத்த ஊருக்குப் போனார்கள், பெற்றவர்களை அழைத்துக்கொண்டு போனார்கள், அல்லது பெற்றவர்களே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அக்காவின் கணவர் போனார். அடுத்து என் மனைவி. எதிரும் புதிருமாக இரண்டு வீட்டில் இரண்டு பேர் மிச்சம். காலையில் பால் பாக்கெட்டை எடுக்க வரும்போது அக்கா தெருவைத் தாண்டிக் குரல் கொடுப்பார். "தம்பி, கீறியா?" உயிரோடு இருக்கிறாயா என்று அர்த்தம். நான் உள்ளேயிருந்தே, "கீறேன்கா" என்பேன். வீட்டில் நாங்கள் அப்படிப் பேசுகிறவர்கள் இல்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு வேறு மாதிரி பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஜுரமாகப் படுத்திருந்த ஒருநாள் நான் பதில் சொல்லவில்லை. அவர் வந்து ஜன்னலைக் குச்சியால் தட்டி, "செத்தியா இன்னா?" என்று கேட்டுவிட்டு, கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

அவருடைய மகன் மோசமானவன் இல்லை. அம்மா தனியாக இருக்கக் கூடாது என்று வேலப்பன்சாவடிப் பக்கம் வாங்கிய பிளாட்டுக்கு அழைத்துப் போனான். மகள் வீட்டுக்குப் போன ஒருநாள் அங்கேயும் போனேன். லிப்டில் ஏறி, ஒரே மாதிரி இருந்த கதவுகளில் எது என்று தேடி அழுத்தினேன். பால்கனியில் உட்கார்ந்து கீழே ஹைவேயில் போகும் லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார் அக்கா. இடம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "சொகமா கீது. தண்ணி இனிக்குது. மழ பேஞ்சா பேஞ்சதே தெர்ல" என்றார். பிறகு, "எதிர் ஊட்டுல யாரு கீறாங்கன்னே தெர்ல தம்பி. ஒரு நாளு காலைல கதவத் தட்டி, கீறீங்களான்னு கேட்டேன். இன்னா வேணும்னு கேக்கறான்" என்றார். அன்றைக்கும் எனக்கு இரண்டு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார். இரண்டும் ஒரே தண்ணீர்தான். பழக்கதோஷம். அதைப் பார்த்து அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். அடுத்த மழைக்காலத்துக்கு முன்பே அக்கா கண்ணை மூடிவிட்டார்.

மகன் இப்போது வீட்டை விற்கிறான். ஆள் வைத்துக் கேட் தூணில் சந்தன நிறப் பெயின்ட் அடித்தான். நீலக் கோடுகள் அத்தனையும் உள்ளே போய்விட்டன. மாடிப்படிக்குக் கீழே இரும்புக் கதவு போட்டுப் பூட்டினான். விளம்பரத்தில் 'அமைதியான சூழல்' என்று போட்டிருக்கிறான். அமைதிதான். ஆளே இல்லாத தெருவில் அமைதியைத் தவிர வேறென்ன இருக்கும்?

போன வாரம் போன் செய்தான். "அங்கிள், ஒரு பார்ட்டி வராங்க. உங்ககிட்ட தண்ணி கேப்பாங்க. கேன் தண்ணியே குடுத்துடுங்க. மழையப் பத்திக் கேட்டா பொதுவா எதாவது சொல்லுங்க. எதிர்ல ஆள் வந்தா உங்களுக்கும் நல்லதுதானே?" கடைசியாகச் சொன்னான் பாருங்கள், அதில்தான் கோபம் வந்தது. ஏனென்றால் அது உண்மை. எதிர்வீட்டில் ஒரு விளக்கு எரிய வேண்டும். ஒரு குக்கர் விசில் அடிக்க வேண்டும். யாராவது வாசலில் நின்று யாரையாவது திட்ட வேண்டும். அதற்காக ஒரு பொய் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று நானும் யோசித்தேன். யோசித்து, சரி என்றே முடிவு செய்தேன்.

வந்தவர்கள் இளவயதுப் புருஷன் பெண்டாட்டி. எதிர்வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு என் வாசலில் இறங்கி நின்றார்கள். அந்தப் பெண்தான் கேட்டாள். "அங்கிள், குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" ஒரு டம்ளரில் கேன் தண்ணீரை எடுத்துவந்து கொடுத்தேன். முழுவதையும் குடித்தாள். "நல்லா இருக்கே" என்று புருஷனைப் பார்த்தாள். அவன் முகம் மலர்ந்தது. பிறகு அவள் என்னிடம், ஏரியா எப்படி என்று கேட்கவில்லை. "நாங்க இங்க இருக்கலாமா அங்கிள்?" என்று கேட்டாள்.

நல்ல ஏரியாம்மா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வரவில்லை. என் மனைவி இந்தத் தெருவுக்குச் சம்மதித்தது எதிரில் இருந்தவர் பொய் சொல்லாததால்தான். இப்போது எதிரில் இருப்பவன் நான். உள்ளே போய் இன்னொரு டம்ளரில் குழாய்த் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வந்தேன். "நீ குடிச்சது கேன் தண்ணி. இதுதான் போர். இதையும் குடிச்சிப் பாரு" என்றேன். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். அவர்களை எதிர்வீட்டுத் தூணுக்கு அழைத்துப் போய், சந்தனப் பெயின்டின் மேல் கையை வைத்து, தண்ணீர் எதுவரைக்கும் நின்றது என்று காட்டினேன். அந்தப் பையன், "இத ஓனர் சொல்லவே இல்லையே" என்றான். "ஓனர் ஏன் சொல்றான்?" என்றேன். அவன் உடனே பைக் சாவியை எடுத்துவிட்டான்.

அந்தப் பெண் நகரவில்லை. "தண்ணி வந்தா நீங்க எங்க போவீங்க?" என்றாள். "இந்த மாடிக்குத்தான் போவோம். என் வீட்டுக்கு மாடி இல்ல." அவள் பூட்டியிருந்த இரும்புக் கதவைப் பார்த்தாள். படிகளை மேல்வரைக்கும் பார்த்தாள். பிறகு என் ஆஸ்பெஸ்டாஸைப் பார்த்தாள். வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

சாயங்காலம் அக்காவின் மகன் போனில் கத்தினான். நானும் கத்தினேன். அவன் வைத்துவிட்டான். மேகம் வடக்கே கறுத்துக்கொண்டு வந்தது. எதிர்வீட்டு ஜன்னல்கள் மூடியே கிடந்தன. வாசலில் அந்த இரண்டு டம்ளர்களும் வைத்த இடத்திலேயே இருந்தன. ஒன்று காலி. இன்னொன்றில் அந்தப் பெண் குடித்த ஒரு வாய் போக மீதி இருந்தது. கீழே ஊற்ற மனம் வரவில்லை. எடுத்துக் குடித்தேன். உப்புதான்.